கேம் திறந்தால் கறுப்புத் திரை, கையில் புது வாட்ச்: இரண்டையும் வழிக்குக் கொண்டுவருவது எப்படி

மூன்று இரவுகள் போயின. புதிதாக வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு ஒரு பக்கம், புதிதாக வாங்கிய 144 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 144 முறை படம் மாற்றும்) மானிட்டர் ஒரு பக்கம், நடுவில் நான். டெஸ்க்டாப் நன்றாகத் தெரியும். கேமைத் திறந்தால் வெகுநேரம் கறுப்புத் திரை, அப்புறம் வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு ஃபிரேமில் தள்ளாடும் படம். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்தேன், திரும்பப் போட்டேன், விண்டோஸையே ஒருமுறை புதிதாக நிறுவினேன். மூன்றாம் இரவு மேசைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மானிட்டர் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகியிருந்தேன். அத்தனை விலை கொடுத்த கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

அந்த மூன்று இரவும் கையில் இருந்த ஃபிட்னஸ் வாட்ச் மணிக்கொரு தரம் 'எழுந்து நட' என்று அதிர்ந்துகொண்டிருந்தது. அதையும் ஒழுங்காக அமைக்கத் தெரியாமல் எரிச்சலில் கழற்றி மேசை டிராயரில் போட்டேன். இரண்டு வாரம் அது அங்கேயே கிடந்தது.

இப்போது இரண்டும் சரியாக ஓடுகின்றன. நான் தலைகீழாகச் செய்ததை நீங்கள் நேராகச் செய்ய வேண்டும் என்பதற்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியையும், போனோடு இணைந்து வேலை செய்யும் சாதாரண ஃபிட்னஸ் வாட்சையும் மனத்தில் வைத்து எழுதியது இது. மெனுப் பெயர்கள் உங்களிடம் கொஞ்சம் இடம் மாறியிருக்கலாம்.

1. எதையும் தொடுவதற்கு முன்: பில், சீரியல் எண், ஒரு நோட்டு

திரைக் கோளாறுக்குக் காகிதம் எதற்கு என்று தோன்றும். எல்லாம் முயன்று பார்த்த பிறகு கோளாறு பொருளில்தான் என்று தெரியவந்தால், முதலில் கேட்பது பில்லைத்தான். வாங்கிய பில், சீரியல் எண், வாரன்டி முடியும் தேதி மூன்றையும் போனில் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். மானிட்டரின் சீரியல் எண் அதன் முதுகில் ஒட்டியிருக்கும். கிராஃபிக்ஸ் கார்டின் ஸ்டிக்கர் கார்டின் மேலேயே இருக்கும், கேஸுக்குள் மாட்டிவிட்டால் படிக்கவே முடியாது. அதனால் மாட்டுவதற்கு முன்பே படம் எடுத்துவிடுங்கள். பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கிடைக்கும் அவகாசம் வாரன்டிக் காலத்தைவிட மிகவும் குறைவு. அந்தத் தேதி தாண்டும்வரை அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் எறியாதீர்கள்.

பலரை மாட்டிவிடும் இன்னொன்று பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. லேப்டாப்பில் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், பின்னால் சேஃப் மோடுக்கு (விண்டோஸ் மிக அவசியமானவற்றோடு மட்டும் தொடங்கும் நிலை) போகும்போது 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும் வாய்ப்பு உண்டு. அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே அந்தக் கணக்கில் நுழைந்து பார்த்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பாஸ்வேர்டை நினைவுகூர்வது பெரிய தண்டனை.

அப்புறம் ஒரு நோட்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரி: என்ன மாற்றினேன், என்ன ஆனது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் ஒரே மூச்சில் டிரைவர், ரெசல்யூஷன் (படத்தின் புள்ளி அளவு), வி-சிங்க் (படக் கிழிசலைத் தடுக்கும் அமைப்பு) மூன்றையும் மாற்றுவேன். ஏதோ ஒன்று மேம்படும், எதனால் என்று தெரியாது. மறுநாள் பழையபடி ஆகும், எதைத் திருப்புவது என்றும் தெரியாது.

செலவைப் பொறுத்தவரை, கீழே வரும் படிகளில் ஏறத்தாழ எல்லாமே இலவசம். வாங்க நேர்ந்தால் ஒரு நல்ல கேபிள். 'உங்கள் டிரைவர்களை எல்லாம் புதுப்பித்துத் தருகிறோம்' என்று காசு கேட்கும் மென்பொருள் எதையும் தொடாதீர்கள், டிரைவர் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நேரக் கணக்கு: கேபிளில் தொடங்கிப் பட அளவு வரை பார்க்க ஒரு மணி நேரம் போதும். டிரைவர் வேலைக்கு இன்னொரு மணி நேரம். தூக்கம் வரும் நேரத்தில் தொடங்காதீர்கள்.

2. கோளாறு எந்தப் பக்கம் என்று பிரியுங்கள்

'கேம் சரியாகத் தெரியவில்லை' என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. கறுப்பாக இருக்கிறதா, 'நோ சிக்னல்' என்கிறதா, படம் குறுக்கே கிழிகிறதா, இழுத்துப் பிடித்தாற்போல் இருக்கிறதா, வண்ணப் புள்ளிகள் மின்னுகின்றனவா என்று பாருங்கள். ஒரே கேமில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? டெஸ்க்டாப்பிலும் வருகிறதா? ஒரே கேமில் மட்டும் என்றால் அந்த கேமின் செட்டிங்ஸைச் சந்தேகியுங்கள். எல்லா கேமிலும் என்றால் டிரைவர், சூடு, மின்சாரம். விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் பயாஸ் திரையில்கூட வருகிறது என்றால் விண்டோஸை விட்டுவிடுங்கள், கேபிளும் மானிட்டரும் கார்டும்தான் மிச்சம்.

நான் கற்ற மிகவும் பயனுள்ள ஒரு சோதனை இது. திரையில் கோடோ புள்ளியோ தெரியும்போது விண்டோஸ் கீ + பிரின்ட் ஸ்கிரீன் அழுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அந்தப் படத்தைப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். போனில் படம் சுத்தமாக இருந்தால், கார்டு சரியான படத்தைத்தான் வரைந்திருக்கிறது, அது மானிட்டருக்குப் போகும் வழியிலோ மானிட்டரிலோதான் கெடுகிறது. போனிலும் அதே கோடு இருந்தால் கார்டு, டிரைவர் அல்லது கேம். இரண்டு நிமிட வேலை, பாதிச் சந்தேகம் ஒழிந்துவிடும்.

இதே நேரத்தில் போன் கேமராவால் திரையை ஒரு சிறு வீடியோவும் எடுத்துவையுங்கள். வாரன்டிக்குக் கொண்டுபோகும்போது 'இங்கே வைத்துப் பார்த்தால் நன்றாகத்தானே ஓடுகிறது' என்ற பதிலுக்கு அது ஒன்றுதான் மறுமொழி.

3. கேபிள்: முதலில் இது, கடைசியிலும் இது

டெஸ்க்டாப் கணினியின் பின்பக்கம் பாருங்கள். யுஎஸ்பி துளைகளோடு சேர்ந்து, மேல்பாதியில் நெட்டுக்குத்தாக இருக்கும் ஹெச்டிஎம்ஐ துளை மதர்போர்டுக்குச் சொந்தம். அதற்குக் கீழே, தனியாகக் கிடைமட்டமாக நாலைந்து துளை வரிசையாக இருந்தால் அதுதான் கிராஃபிக்ஸ் கார்டு. கேபிள் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தாலும் பல கணினிகளில் படம் வரும், அதுதான் இதில் உள்ள வில்லங்கம். ப்ராசசருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ் படத்தைக் காட்டிவிடும், நாமும் எல்லாம் சரி என்று நம்பிவிடுவோம்.

அடுத்தது கேபிளின் திறன். ஹெச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் 30 ஹெர்ட்ஸில்தான் வரும். 2.0 என்றால் 4கே 60, 2.1 என்றால் 4கே 120. டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பில் 1.2 வழியாகவே 1440பி படத்தை 144 ஹெர்ட்ஸில் அனுப்பலாம், 1.4 வழியாக 4கே 120 வரை போகும். கார்டு, கேபிள், மானிட்டர் மூன்றில் எது குறைந்ததோ அதுதான் உங்கள் எல்லை. மானிட்டரின் இரண்டு ஹெச்டிஎம்ஐ துளைகளில் ஒன்று மட்டும் வேகமானதாக இருப்பதும் உண்டு, கையேட்டில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கணினியில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் மானிட்டருக்கு அதையே போடுங்கள். டிவிக்கு ஹெச்டிஎம்ஐ.

கேபிளைக் கழற்றி இரண்டு முனையையும் அழுத்தமாகத் திரும்பச் செருகுங்கள். டிஸ்ப்ளேபோர்ட் முனைகள் பலவற்றில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்தாமல் இழுத்தால் துளையே பெயர்ந்து வரலாம். கேமில் மட்டும் அவ்வப்போது ஓரிரு வினாடி திரை கறுத்துத் திரும்ப வந்தால் பெரும்பாலும் நீளமான, மெலிந்த கேபிள்தான் காரணம். வேறொரு கேபிளைக் கடன் வாங்கிச் சோதியுங்கள், பிறகு வாங்கலாம்.

4. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-லேயே ஓடுகிறதா?

மானிட்டர் புதிது என்பதற்காக விண்டோஸ் தானாக வேகத்தைக் கூட்டிவிடாது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போனால் ரிஃப்ரெஷ் ரேட் இருக்கும். அதில் மிக உயர்ந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அந்த எண்ணே பட்டியலில் இல்லையென்றால் முந்தைய படிக்குத் திரும்புங்கள், கேபிளோ துளையோ பற்றவில்லை என்று அர்த்தம். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி வினாடி நிற்கும், 144-இல் 6.9. மவுஸை வட்டமாகச் சுற்றினாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கேமுக்குள்ளும் ரிஃப்ரெஷ் ரேட் தனியாக இருக்கும், அதையும் பார்க்க மறக்காதீர்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் வேலை. இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் கேம் சில நேரம் பலவீனமானதில் ஓடும். டிஸ்ப்ளே பக்கத்திலேயே கிராஃபிக்ஸ் என்ற பிரிவில் கேமைச் சேர்த்து 'ஹை பெர்ஃபாமன்ஸ்' கொடுங்கள். சார்ஜரைச் செருகிவிட்டு விளையாடுங்கள், பேட்டரியில் பெரும்பாலான லேப்டாப்கள் முழு வேகத்தில் ஓடாது.

5. கேம் கறுப்பாகவே திறக்கிறது

பதறிப் பவர் பட்டனை அழுத்த வேண்டாம். இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஆல்ட் + என்டர். பெரும்பாலான கேம்கள் ஃபுல் ஸ்கிரீனிலிருந்து ஜன்னலுக்கு மாறும், படம் வந்துவிட்டால் உள்ளே போய் ரெசல்யூஷனைச் சரிசெய்யலாம். வரவில்லையா, விண்டோஸ் கீ + கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி. திரை ஒருமுறை சிமிட்டும், ஒரு பீப் சத்தம் கேட்கும், கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் வேலைகள் பொதுவாக அப்படியே இருக்கும். இரண்டு திரை வைத்திருந்தால் கேம் இல்லாத மானிட்டருக்கு ஓடிப்போயிருக்கலாம். விண்டோஸ் கீ + ஷிஃப்ட் + அம்புக்குறி அழுத்தி இந்தப் பக்கம் இழுங்கள்.

மானிட்டர் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று சொன்னால், அதனால் காட்ட முடியாத அளவை கேம் கேட்கிறது. கேமைத் திறக்காமலேயே அதைத் திருத்த வேண்டும். கேமின் செட்டிங்ஸ் ஒரு சிறு கோப்பாக டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலோ ஆப்டேட்டா ஃபோல்டரிலோ இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், ஃபைல் எக்ஸ்புளோரரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும். அந்த செட்டிங்ஸ் கோப்பை அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். அடுத்த முறை கேம் புதிய கோப்பை உருவாக்கிக்கொள்ளும். இதில் ஒரு பொறி உண்டு: நீங்கள் விளையாடிச் சேமித்த கேம் அதே ஃபோல்டரில் இருக்கக்கூடும். முழு ஃபோல்டரையும் வேறிடத்தில் நகல் எடுத்த பிறகே கை வையுங்கள். நாற்பது மணி நேர விளையாட்டை நான் இப்படித்தான் தொலைத்தேன்.

ஸ்டீமில் வாங்கிய கேம் என்றால் ப்ராப்பர்ட்டீஸில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி உண்டு. கெட்டுப்போன கோப்பை மட்டும் திரும்ப இறக்கும். பெரிய கேமுக்குக் கால் மணி நேரம் ஆகலாம், ஆனால் மொத்தமாக அழித்து நிறுவுவதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்று, கேமின் மேல் ஏறி உட்காரும் ஓவர்லேகள்: அரட்டைச் செயலி, ஃபிரேம் எண்ணிக்கை காட்டுவது, ரெகார்டர். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒருமுறை திறந்து பாருங்கள்.

6. படம் இழுபடுகிறது, ஓரம் வெட்டுப்படுகிறது, வெளிறுகிறது

இழுத்துப் பிடித்த படம் என்றால் ரெசல்யூஷனும் திரையின் விகிதமும் பொருந்தவில்லை. மானிட்டரின் சொந்த அளவு என்னவோ அதையே கேமிலும் கொடுங்கள். பழைய 4:3 கேம்களுக்கு இரு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரியான தோற்றம். அதை நிரப்ப ஆசைப்பட்டால் எல்லா முகமும் உப்பிப்போகும்.

கேம் திரையைவிடப் பெரிதாகத் திறந்து மூலை வெட்டுப்பட்டால் எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸின் 125 அல்லது 150 சதவீத ஸ்கேலிங்தான் பெரும்பாலும் காரணம். கேமின் முதன்மைக் கோப்பை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ஹை டிபிஐ செட்டிங்ஸ் போய், ஸ்கேலிங்கை 'அப்ளிகேஷன்' பொறுப்பில் விடுங்கள்.

டிவியில் ஓரம் வெட்டுப்பட்டால் ஓவர்ஸ்கேன். டிவியின் பட அளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஃபிட்' போன்ற ஒன்று இருக்கும். அங்கேயே 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள், பொத்தான் அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையிலான தாமதம் நன்றாகக் குறையும். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், கார்டும் டிவியும் வண்ண எல்லையில் ஒத்துப்போகவில்லை: ஒன்று 0 முதல் 255 வரை பேசுகிறது, மற்றது 16 முதல் 235 வரை. இரண்டையும் 'ஃபுல்' அல்லது இரண்டையும் 'லிமிடெட்' என்று வையுங்கள். ஹெச்டிஆர் (வெளிச்சத்தையும் இருளையும் கூடுதலாகப் பிரித்துக் காட்டும் வசதி) போட்டதும் டெஸ்க்டாப் வெளிறினால் விண்டோஸ் கீ + ஆல்ட் + பி அழுத்தி அணையுங்கள். மலிவான மானிட்டர்களில் ஹெச்டிஆர் பெயரளவுக்குத்தான், அணைத்து வைப்பதில் எந்த நஷ்டமும் இல்லை என்பது என் கட்சி.

7. கிழிசலும் திக்கலும்

வேகமாகத் திரும்பும்போது படம் குறுக்கே வெட்டி ஒட்டினாற்போல் தெரிவது கிழிசல். கார்டு ஒரு வேகத்திலும் மானிட்டர் ஒரு வேகத்திலும் ஓடுகின்றன. வி-சிங்க் போட்டால் நின்றுவிடும், ஆனால் கை அசைவு கொஞ்சம் தாமதமாகும். மானிட்டரின் வேகத்தைக் கார்டுக்கு ஏற்ப மாற்றும் ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் மானிட்டரில் இருந்தால் அதுவே நல்ல வழி. மானிட்டரின் சொந்த மெனுவிலும் கார்டின் கன்ட்ரோல் பேனலிலும் இரண்டு இடத்திலும் அதை இயக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள் ஏராளம். கூடவே ஃபிரேம் எண்ணிக்கையை மானிட்டரின் உச்சத்துக்குச் சற்றுக் கீழே கட்டுங்கள், 144 என்றால் 141 போல.

புது கேம் முதல் அரை மணி நேரம் திக்கினால் அது ஷேடர் (ஒளி, நிழல், நிறத்தைத் தீட்டும் சிறு நிரல்கள்) தயாராகும் நேரமாக இருக்கலாம். ஒரு நாள் விளையாடிய பிறகு முடிவு செய்யுங்கள்.

8. டிரைவர்: கடைசி ஆயுதம்

நேற்றுவரை ஓடிய கேம் இன்று கெட்டதென்றால் முதலில் பழைய டிரைவருக்குத் திரும்புங்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், கார்டின் ப்ராப்பர்ட்டீஸ், 'ரோல் பேக் டிரைவர்'. அது மங்கலாக இருந்தால் பழையது கணினியில் இல்லை.

அடுத்து, தயாரிப்பாளரின் தளத்தில் புதிய டிரைவரை இறக்கி, நிறுவும்போது 'கிளீன் இன்ஸ்டாலேஷன்' கொடுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். அதுவும் உதவாதபோதுதான் டிடியூ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர். இதன் வரிசை முக்கியம்: புது டிரைவரை முன்கூட்டியே இறக்கிவையுங்கள். இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், இல்லையென்றால் நீங்கள் அழித்த கையோடு விண்டோஸ் தானே ஒன்றைப் போட்டுவிடும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட் வழியாக ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் 4 அழுத்தினால் சேஃப் மோட். எழுதிவைத்த பிட்லாக்கர் எண் இங்கேதான் கைகொடுக்கும். அங்கே டிடியூவை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, இறக்கிவைத்த டிரைவரை நிறுவி, பிறகு இன்டர்நெட்டை இணையுங்கள். நிறுவும் நடுவில் திரை சில வினாடி கறுத்து வரும், அப்போது எதையும் அழுத்தாதீர்கள்.

9. இதற்குப் பிறகும் போகவில்லை என்றால்

கார்டின் சூட்டைப் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தில் தெரியும். விளையாடும்போது 80 டிகிரி செல்சியஸைச் சுற்றி இருப்பது பல கார்டுகளுக்குச் சகஜம். 90-ஐத் தாண்டியே நின்றால் தூசியைத் தட்டுங்கள். கனமான காட்சி வரும்போது மட்டும் கணினியே அணைந்தால் கார்டுக்குப் போகும் மின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு அழுத்திச் செருகுங்கள். 16 பின் உள்ள புது வகை இணைப்பு முழுதாக உள்ளே போயே ஆக வேண்டும், பாதி போனால் சூடேறி உருகலாம்.

வண்ணச் சதுரங்கள் பயாஸ் திரையிலும் வந்தால் வாரன்டிதான் வழி. பில், சீரியல் எண், வீடியோ, எடுத்த நடவடிக்கைகள் எழுதிய நோட்டு, அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் டிஎக்ஸ்டயாக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும் அறிக்கை, இவ்வளவும் முதல் கடிதத்திலேயே போகட்டும். 'டிரைவரை மாற்றிப் பார்த்தீர்களா' என்ற கேள்விக்காக இரண்டு மூன்று நாள் வீணாவது மிச்சம்.

10. இனி வாட்ச்: எந்தக் கை, எவ்வளவு இறுக்கம்

திரை சரியான பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், நாற்காலியை விட்டு எழ மாட்டீர்கள். டிராயரில் கிடந்த வாட்ச் என் கைக்குத் திரும்பியது அப்போதுதான்.

மவுஸ் பிடிக்காத கையில் கட்டுங்கள். மவுஸ் கையில் கட்டினால் மேசையில் உரசிக் கண்ணாடி கீறும், மணிக்கட்டு மடங்கும்போது ஓரத்துப் பொத்தான் தானாக அழுந்தும். எந்தக் கையில் கட்டியிருக்கிறீர்கள் என்று ஆப்பில் குறிப்பிட இடம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு மேலே ஒரு விரல் அகலம் தள்ளி இருக்க வேண்டும். எலும்பின் மேலேயே கட்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாக வரும். வாட்சின் முதுகில் மின்னும் பச்சை ஒளி தோலுக்குள் போய் ரத்தத்தின் ஓட்டத்தைப் பார்க்கிறது. வெளிச்சம் கசிந்தாலோ, தோலில் பச்சை குத்தியிருந்தாலோ, கை குளிர்ந்திருந்தாலோ கணக்கு தப்பும். வாட்ச் நகராத அளவு இறுக்கம் போதும், கழற்றினால் தடம் ஆழமாகப் பதிந்திருக்கக் கூடாது. உடற்பயிற்சிக்கு மட்டும் ஒரு துளை கூட்டி, முடிந்ததும் தளர்த்துங்கள்.

11. போனோடு சேர்ப்பது: எல்லாரும் விழும் குழி

போனின் ப்ளூடூத் மெனுவில் போய் வாட்சைத் தேடி இணைக்காதீர்கள். முதலில் அதன் ஆப்பை நிறுவி, ஆப்புக்குள்ளிருந்தே இணையுங்கள். ப்ளூடூத் மெனு வழியாகப் போனால் 'இணைந்துவிட்டது' என்று காட்டும், ஆனால் ஒரு தகவலும் வராது.

ஆண்ட்ராய்டு போன் பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகப் பின்னணியில் ஓடும் ஆப்பை அடக்கிவிடும். காலையில் பார்த்தால் இரவுத் தூக்கம் ஆப்பில் ஏறியிருக்காது. போன் செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பிரிவுக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' கொடுங்கள். நான் வாட்ச் பழுது என்று திருப்பி அனுப்பவே கிளம்பினேன், பழுது இந்த ஒரு செட்டிங்கில் இருந்தது.

வயது, உயரம், எடையை உண்மையாகக் கொடுங்கள். கலோரியும் உடற்பயிற்சித் தீவிரமும் அதை வைத்துத்தான் கணக்கிடப்படுகின்றன. அதிகபட்சத் துடிப்பை 220-இலிருந்து வயதைக் கழித்துத் தோராயமாக எடுக்கும் ஆப்கள் பல, வயதைக் குறைத்துச் சொன்னால் எல்லாமே தப்பாகப் போகும்.

பிறகு நோட்டிஃபிகேஷன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அழைப்பையும் வீட்டார் அனுப்பும் செய்தியையும் மட்டும் திறந்து விடுங்கள். நான் வாட்சை வீசியதற்குக் காரணம் நடைபயிற்சி நினைவூட்டல் இல்லை, நாளுக்கு நூறு முறை அதிர்ந்த குழு அரட்டைதான்.

12. சார்ஜ், குளியல், தோல்

இரவு கட்டிக்கொண்டு தூங்க வேண்டும் என்றால் இரவில் சார்ஜ் போட முடியாது. குளிக்கப் போகும்போது சார்ஜரில் வைப்பதுதான் எனக்குப் பழகியது. தினமும் அரை மணி நேரம், பெரும்பாலான வாட்ச்களுக்கு ஓடிவிடும். வியர்வையோடு வைக்காதீர்கள், பின்னால் உள்ள சார்ஜ் புள்ளிகள் அரித்துப்போகும். மென்மையான துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். எப்போதும் எரியும் திரை, இரவு முழுக்க ஆக்சிஜன் அளவீடு, ஜிபிஎஸ் மூன்றும்தான் பேட்டரியைக் குடிப்பவை. முதல் இரண்டை நான் அணைத்தே வைத்திருக்கிறேன்.

'5 ஏடிஎம்' என்று எழுதியிருந்தால் 50 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பொருள் இல்லை. அசையாத நீரில் அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சோதித்தார்கள், அவ்வளவுதான். நீச்சல் சரி, முக்குளிப்பு வேண்டாம். சுடுநீரும் சோப்பும் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பைக் கெடுக்கும். தண்ணீர் புகுந்தால் பெரும்பாலான வாரன்டிகள் கைவிரிக்கும், அட்டையில் அந்த வரியைப் படித்துவிட்டு நீந்தப் போங்கள். பட்டைக்கு அடியில் தோல் சிவந்தால் பட்டையைக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஓரிரு நாள் வேறு கையில் கட்டுங்கள். ஆறவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

13. எண்களை எப்படிப் படிப்பது

முதல் இரண்டு வாரம் எந்த எண்ணையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். உங்கள் வழக்கம் என்ன என்று வாட்சுக்கும் தெரிய வேண்டும், உங்களுக்கும் தெரிய வேண்டும். ஓய்வுத் துடிப்பு பெரியவர்களுக்குப் பொதுவாக நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. அதற்குள் உங்கள் எண் எங்கே நிற்கிறது, வாரக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. கேமில் பரபரப்பான கட்டத்தில் உட்கார்ந்த இடத்திலேயே துடிப்பு 110-க்குப் போகும், சில வாட்ச்கள் அதை மன அழுத்தம் என்று பதியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மார்பு வலி, மயக்கம் என்றால் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். 'எல்லாம் சீர்' என்று அது காட்டினாலும் போங்கள்.

நடை எண்ணிக்கை தோராயம்தான். பாத்திரம் துலக்கினாலும் சில நூறு சேரும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. இலக்கை அந்த நிமிடங்களில் வைத்தால் எண்ணிக்கையைத் துரத்தி அறைக்குள் வட்டமடிக்க வேண்டியதில்லை. வெளியே ஓடப் போகும்போது ஜிபிஎஸ் பிடிக்கும்வரை திறந்த வெளியில் ஒரு நிமிடம் நில்லுங்கள், இல்லையேல் முதல் கால் கிலோமீட்டர் வீடுகளின் மேலேறிப் போனதாகக் காட்டும்.

ஆப் மாதச் சந்தா கேட்டால் உடனே கட்டாதீர்கள். அடிப்படைக் கணக்கு பெரும்பாலும் இலவசமாகவே இருக்கும். இலவசச் சோதனைக் காலத்தைத் தொடங்கினால், அது முடியும் நாளுக்கு இரண்டு நாள் முன்பாகப் போனில் ஒரு நினைவூட்டல் வையுங்கள்.

14. போன் மாற்றும்போது, வாட்சைக் கைமாற்றும்போது

பழைய போனை ரீசெட் செய்வதற்கு முன் ஆப்பைத் திறந்து தகவல் முழுதும் கணக்கில் ஏறியதா பாருங்கள். பிறகு ஆப்புக்குள் 'அன்பேர்' கொடுங்கள். வாட்சை மட்டும் ரீசெட் செய்தால் போதாது, பல வாட்ச்கள் பழைய கணக்கைப் பிடித்துக்கொண்டு விடாது. நான் என் பழைய வாட்சைத் தங்கைக்குக் கொடுத்தபோது இதைத்தான் மறந்தேன். இரண்டு நாள் அவள் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தாள். கடைசியில் நான் பீரோவிலிருந்து என் பழைய போனைத் தேடியெடுத்து, சார்ஜ் ஏறக் காத்திருந்து, ஆப்பில் 'அன்பேர்' அழுத்தினேன். அடுத்த நிமிடமே வாட்ச் அவள் போனோடு சேர்ந்துகொண்டது.